ஓரமில்லாத பொத்தான்

“புதுசுல பொத்தானுக்கு ஓரமே கிடையாது, டீச்சர்” என்றார் காளிராஜன்.

செண்பகவல்லி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மேடா இருக்காது. அழுத்தினா உள்ளே போன மாதிரியும் இருக்காது. வெள்ளைத் தாள்ல நாலு கோடு போட்ட மாதிரி தட்டையாக் கிடக்கு. இதைப் போய் ஒரு முன்னேற்றம்னு சொல்றாங்க.”

“ம்.”

“நாலு மாசமாப் போராடுறேன்.”

“படி சொல்லுங்க அண்ணாச்சி.”

பிழையோடு வருகிற யாரிடமும் அவர் கேட்பது அது ஒன்றைத்தான். முதலில் என்ன செய்தீர்கள், அடுத்து என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் எது தவறியது. கட்டற்ற மென்பொருள் எழுதுகிற எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். செண்பகவல்லிக்கு அது விரதம். படி இல்லாத புகார் அவர் காதில் ஏறாது.

கோவில்பட்டியில் பாலிடெக்னிக் ஆசிரியை. வயது முப்பத்தெட்டு. கணினித் திரையில் நாம் பார்க்கிற பொத்தான், பெட்டி, பட்டியல் எல்லாவற்றையும் செய்து தருவதற்குக் கருவித்தொகுப்பு என்று ஒன்று உண்டு. ஊர் ஊராக ஆட்கள் இருந்த இடத்திலிருந்தே சேர்ந்து எழுதுவது. அதில் செண்பகவல்லி எழுதிய வரிகளும் ஓடுகின்றன. சுற்றியுள்ள மூன்று மாவட்டத்து லினக்ஸ்காரர்களுக்கும் அவர்தான் டீச்சர். அவர்களுக்கு அவர் பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை.

காளிராஜனுக்கு அவரைவிடப் பதினைந்து வயது கூடுதல். சிவகாசியிலிருந்து பஸ் ஏறி, தன்னைவிடச் சின்னவரிடம் யோசனை கேட்க வந்தது அவருக்கு இதுதான் முதல் தடவை. பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

“படின்னா என்ன டீச்சர், ஒரே படிதான். ஆபரேட்டர் பொத்தானைப் பாக்குறாங்க. ஓரம் இல்லை.”

“யார் பாக்குறது?”

“ஆபரேட்டருங்க.”

“அவங்க பாத்ததை நீங்க பாத்தீங்களா?”

காளிராஜன் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

“போய்ப் பாத்துட்டு வாங்க. ஒரு தாள், ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்.”

அவ்வளவுதான். ஒன்றேகால் மணி நேரப் பயணத்துக்கு இரண்டு நிமிடப் பேச்சு.

*

பிரச்சினை இதுதான்.

தினக்காலண்டரில் நாம் காலையில் கிழித்துப் போடுகிற தாள் ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து முப்பது விவரம் இருக்கும். திதி, நட்சத்திரம், யோகம், நல்ல நேரம், ராகு காலம், சூலம், சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் பலன். பஞ்சாங்கக்காரர் கையால் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து சிவகாசியில் காளிராஜன் வேலை பார்க்கிற அச்சகத்தில் பதினான்கு பேர் கணினியில் ஏற்றுவார்கள். ஏற்றுகிற நிரலுக்குத் ‘தேதித்தாள்’ என்று பெயர். எழுதியவர் காளிராஜன்.

கணினி என்றால், திறந்ததும் திரையில் விரிகிற மேசைச்சூழல் என்று ஒன்று உண்டு. அது வீடு என்று வைத்துக்கொண்டால், கருவித்தொகுப்பு அந்த வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் செய்து தருகிற பட்டறை. பன்னிரண்டு ஆண்டில் வீடு நான்கு முறை மாறியது. பட்டறை இரண்டு தலைமுறை தாண்டிவிட்டது. காளிராஜன் மட்டும் பழைய பட்டறைக் கதவுகளையே கொண்டுபோய்ப் புது வீட்டில் பொருத்தினார். பொருந்தாத இடத்தில் நிரலில் ஒட்டுப் போட்டார்.

மொத்தம் நூற்று முப்பத்தேழு ஒட்டு. கேட்காமலே எண்ணிக்கை சொல்வார்.

உலகத்தில் யார் வீட்டுத் திரை எப்படி மாறினாலும் சிவகாசியில் அந்தப் பதினான்கு திரையிலும் அதே பச்சைப் பொத்தான், அதே மேடான ஓரம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் இன்னும் உயிரோட இருக்கா?” என்று கேட்டார். காளிராஜன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இந்த ஆண்டு முதலாளி தனுஷ்கோடி அச்சுத் தகடு செய்கிற புதிய பிளேட் மெஷின் ஒன்று வாங்கினார். அது இயங்குதளத்தின் புதிய பதிப்போடுதான் பேசும். புதிய பதிப்பிலோ பழைய கருவித்தொகுப்பு ஏறவே மறுத்தது. ஒட்டுப் போடக்கூட இடம் இல்லை. தேதித்தாளைப் புதிய தொகுப்பில் திருப்பி எழுதினார் காளிராஜன். எல்லாம் வந்தது. ஓரம் மட்டும் வரவில்லை.

“காளி, பன்னெண்டு வருசம் உன் பேச்சைக் கேட்டேன்” என்றார் முதலாளி. “ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்து ஆல்பம் போட்டாகணும். ஆனி முதல் திங்கக்கிழமை மத்தியானம் நான் வருவேன். ஒரு மெஷின், ஒரு ஆபரேட்டர், ஒரு காலை வேளை. புதுசுல ஒழுங்கா ஓடிச்சுன்னா உன்னோடதையே வெச்சுக்குவோம். இல்லையா, மெட்ராஸ்காரனைக் கூப்பிட்டு அவன் சாஃப்ட்வேரைப் போட்டுக்கிறேன். உன் தேதித்தாளை எடுத்துடணும். வருத்தப்படக் கூடாது.”

வருத்தப்பட மாட்டேன் என்று காளிராஜன் சொல்லவில்லை.

*

மறுநாள் காலை வீரலட்சுமியின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நோட்டோடு போய் நின்றார்.

பதினான்கு பேரில் வீரலட்சுமிதான் வேகம். வாய் அதைவிட வேகம்.

“என்ன அண்ணாச்சி, கல்யாண வீட்டு கேமராக்காரர் மாதிரி பின்னாடி நிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. நீ அடி.”

“நான் அடிக்கத்தான் போறேன். நீங்க எப்ப உக்காரப் போறீங்க?”

ஒரு தாள் முடிந்தது. ஒன்றரை நிமிடம். காளிராஜன் இரண்டாவது தாளுக்கும் நின்றார். மூன்றாவதுக்கும் நின்றார்.

நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

*

“அவங்க திரையைப் பாக்கவே இல்லை, டீச்சர்.”

செண்பகவல்லி திரும்பி உட்கார்ந்தார்.

“இடது பக்கம் ஸ்டாண்டுல பஞ்சாங்கக்காரர் எழுதின காகிதம் இருக்கு. கண்ணு பூரா அதுலதான். ஒரு தாள் முடிஞ்சதும் தலையைத் தூக்கி, தேதி சரியான்னு ஒரு பார்வை. அரை வினாடி. திரும்பவும் காகிதம். பதினாலு பேரையும் பாத்துட்டேன். எல்லாரும் அப்படித்தான்.”

“பொத்தான்?”

“எந்தப் பொத்தானையும் யாரும் அழுத்துறதில்லை. எல்லாம் விசையிலதான். மவுஸ் மேல ஒரு அம்மா பூவை வெச்சிருக்காங்க.”

ஒரு வரியும் எழுதாத நோட்டை மேசை மேல் போட்டார்.

“நூத்தி முப்பத்தேழு ஒட்டு. ஒரு வருசம் என் தங்கச்சி மக சடங்குக்குக்கூடப் போகலை. அந்தப் பச்சை நிறம் கொஞ்சம் வெளுத்துப் போச்சுன்னு ஒரு வாரம் உக்காந்தேன். யாருக்காக? நான் மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். பன்னெண்டு வருசமும் வீண்.”

செண்பகவல்லி எழுந்தார். தன் கணினித் திரையின் பின்புறம் கையை விட்டு அதை அணைத்தார். நாற்காலியைக் காளிராஜன் பக்கம் தள்ளினார்.

“உக்காருங்க. புதுசா ஒரு கோப்பு திறந்து, உங்க பேரை அடிச்சுச் சேமிங்க.”

“திரை அணைஞ்சிருக்கே.”

“ஆமா.”

காளிராஜன் விசைப்பலகையில் கையை வைத்தார். ஏதோ ஒரு விசையை அழுத்தினார். இன்னொன்றை அழுத்தினார். கணினி எங்கிருந்தோ ‘டொய்ங்’ என்றது. கையை எடுத்துவிட்டார்.

“முடியலை.”

“கணினி தெரியாதவரா நீங்க?”

“இது உங்க வீட்டுக் கணினி. எது எங்கே இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

செண்பகவல்லி திரையைத் திரும்பப் போடவில்லை.

காளிராஜன் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் குக்கர் இரண்டு விசில் அடித்தது. மூன்றாவது விசிலுக்கு அவர் மெல்ல நிமிர்ந்தார்.

“வீரலட்சுமிக்குத் தெரியும்” என்றார்.

“கண்ணை விடுங்க” என்றார் செண்பகவல்லி. “இந்தத் தடவை கையைப் பாருங்க. படி ஒவ்வொண்ணும் எழுதிட்டு வாங்க. ஒண்ணுகூட விடக் கூடாது.”

*

“மறுபடியுமா?” என்றார் வீரலட்சுமி.

“கையைப் பாக்கணும்மா.”

“ஏன், ஜோசியம் சொல்லப் போறீங்களா? நாள் பூரா நான் அடிக்கிறதே பன்னெண்டு ராசிக்கும் ஜோசியம். ‘வீண் அலைச்சல்’னு இன்னிக்கு மட்டும் ஒம்பது தடவை அடிச்சுட்டேன். எனக்குன்னு தனியா வேறயா?”

பக்கத்து மேசைகளில் சிரிப்பு ஓடியது.

“எந்த ராசிக்கும்மா வீண் அலைச்சல்?”

“உங்க ராசிக்குத்தான். கோவில்பட்டி பஸ்ஸுல நாலு நாளா அலையுறீங்களே.”

“சரி, சரி. கொஞ்சம் மெதுவா அடி.”

“மெதுவா அடிச்சா வராது அண்ணாச்சி. யோசிக்க ஆரம்பிச்சா கை நின்னுடும்.”

அது உண்மையாகத்தான் இருந்தது. மெதுவாக அடித்தபோது இரண்டு இடத்தில் தப்பினார். பிறகு காளிராஜன் தன் போனை எடுத்துக் கையை மட்டும் படம் பிடித்தார். அன்று மாலை அதைக் கால் வேகத்தில் ஓட்டிப் பார்த்து, விசை விசையாக நோட்டில் எழுதினார். இரண்டரைப் பக்கம் வந்தது.

தான் எழுதிய நிரலை வேறொருவர் இவ்வளவு அழகாக வாசிப்பதை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். எழுதி முடித்த பிறகும் ஒரு முறை.

*

செண்பகவல்லி நோட்டை வாங்கி விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“தேதி, என்டர். கிழமை, என்டர். திதி, ரெண்டு எழுத்து, என்டர். நட்சத்திரம், பட்டியல்ல முதல் எழுத்து, என்டர். பின்னால ஒரு அடி...”

விரல் நின்றது.

“இது என்ன, பின்னால ஒரு அடி?”

“அதுவா? பழைய தொகுப்புல இருந்த பிழை டீச்சர். பட்டியல்ல இருந்து என்டர் அடிச்சா அடுத்த பெட்டிக்குப் போகாம ஒண்ணைத் தாண்டிப் போய் நிக்கும். நட்சத்திரத்துக்கு அடுத்து யோகம். அதைத் தாண்டி நல்ல நேரத்துல போய் நிக்கும். இவங்க ஒரு அடி பின்னால வந்து யோகத்தை அடிச்சிட்டு, அதுக்குன்னு இருக்கிற தனி விசையில நேரா நல்ல நேரத்துக்குப் போயிடுவாங்க. ஆரம்பத்துல ரெண்டு நாள் முனகினாங்க. அப்புறம் பழகிட்டாங்க.”

“புதுசுல அது தாண்டாது.”

“அப்படியா? நான் கவனிக்கலை. ஓரத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அதைச் சரி பண்ணினது நான்தான்.”

காளிராஜன் நிமிர்ந்து பார்த்தார்.

“எட்டு வருசம் ஆச்சு” என்றார் செண்பகவல்லி. “என் முதல் திருத்தம். பதினோரு வரி. ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க, மூணாவது தடவை ஏத்துக்கிட்டாங்க. அன்னிக்கு இந்தத் தெரு பூரா கடலைமிட்டாய் கொடுத்தேன். எதுக்குன்னு கேட்டாங்க. பிழையைச் சரி பண்ணிட்டேன்னு சொன்னேன். யாரோட பிழைன்னு எதிர்வீட்டு அம்மா கேட்டாங்க.”

அவர் சிரித்தார். காளிராஜனும் சிரித்தார். நோட்டின் மேல் விரல் அதே இடத்தில் இருந்தது. முதலில் சிரிப்பை நிறுத்தியவர் செண்பகவல்லி.

“வீரலட்சுமி புதுசுல உக்காந்து அடிக்கிறாங்க. நட்சத்திரம், என்டர். யோகத்துல நிக்குது. அவங்க கை பழக்கத்துல பின்னால ஒரு அடி போகும். எங்கே போய் நிக்கும்?”

“நட்சத்திரத்துலயே.”

“யோகத்துக்கு எத்தனை எழுத்து அடிப்பாங்க?”

“ஒண்ணுதான். ‘சி’ அடிச்சா சித்தயோகம். ‘அ’ அடிச்சா அமிர்தயோகம். ‘ம’ அடிச்சா மரணயோகம்.”

“நட்சத்திரப் பெட்டியில ‘ம’ அடிச்சா?”

காளிராஜன் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“மகம்” என்றார். “‘சி’ன்னா சித்திரை. ‘அ’ன்னா அஸ்வினி.”

பிழை என்று எந்த மணியும் அடிக்காது. யோகப் பெட்டியும் காலியாக இருக்காது, முந்தின தாளின் யோகமே அதில் நிற்கும். ரோகிணி இருக்க வேண்டிய இடத்தில் மகம் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும். வீரலட்சுமி தலையைத் தூக்குவது தேதியைப் பார்க்க மட்டும்தான். முந்நூற்று அறுபத்தைந்து தாள், ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் அச்சாகி, ஊர் ஊராகச் சுவரில் தொங்கும். அதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்கள். அதைப் பார்த்துத்தான் குழந்தைக்கு நட்சத்திரம் சொல்வார்கள்.

ஓரத்துக்காக நான்கு மாதம் போராடியவர் இதை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

“எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிடறேன் டீச்சர். இனிமே பின்னால போக வேண்டாம்னு. கையேடே போட்டாச்சு.”

பையிலிருந்து எடுத்து நீட்டினார். பதினாறு பக்கம். அச்சகத்தில் வேலை பார்ப்பவர். ஆர்ட் பேப்பரில் நான்கு வண்ணத்தில் அடித்திருந்தார். அட்டையில் ‘புதிய திரை: எளிய அறிமுகம்’ என்று பொன்னிற எழுத்து.

செண்பகவல்லி புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே ரசித்துப் பார்த்தார்.

“அருமையா இருக்கு. எத்தனை அடிச்சீங்க?”

“இருபது.”

“ஒண்ணு எனக்குக் கொடுங்க. மத்த பத்தொம்பதையும் யாருக்கும் கொடுக்காதீங்க.”

“ஏன்?”

“சொன்னா வீரலட்சுமி கேப்பாங்களா?”

“கேப்பாங்க. நல்ல பொம்பளை.”

“அவங்க கை கேக்குமா?”

மெதுவா அடிச்சா வராது அண்ணாச்சி என்று வீரலட்சுமி சொன்னது காளிராஜன் காதில் விழுந்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அப்ப... அந்தப் பிழையை நான் திரும்பக் கொண்டுவரணுமா? நீங்க தெருவுக்கே மிட்டாய் கொடுத்துச் சரி பண்ணினதை?”

“என் திருத்தத்துல கை வெச்சீங்கன்னா கொன்னுடுவேன்” என்றார் செண்பகவல்லி. “அது உலகம் பூரா ஓடுது. சரியாத்தான் ஓடுது.”

“பிறகு?”

அவர் விசைப்பலகையைக் காளிராஜன் பக்கம் திருப்பி வைத்தார்.

“உங்க தாள். உங்க பெட்டி. எதுக்கு அடுத்து எதுன்னு சொல்ற வசதியை எழுதுறவங்க கையிலயே கொடுத்திருக்கோம். எங்களை ஒட்டுப் போட்டு வளைக்க வேண்டாம், அண்ணாச்சி. கேட்டா நாங்களே வளைவோம். நீங்கதான் பன்னெண்டு வருசமாக் கேக்கலை.”

காளிராஜன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஆறு வரிதான். நட்சத்திரத்துக்கு அடுத்தது நல்ல நேரம். அங்கிருந்து பின்னால் ஒரு அடி வைத்தால் யோகம். எழுதி முடித்ததும் கை தானாக மேலே போனது. அடுத்து எவனாவது இந்த நிரலைத் திறந்து பார்ப்பான். இதென்ன கோணல் வரிசை என்று நினைப்பான். நேர்படுத்திவிட்டுத் தெருவுக்கு மிட்டாய் கொடுப்பான்.

ஆறு வரிக்கும் மேலே ஒரு குறிப்பு எழுதினார்.

‘இது பிழை அல்ல. வீரலட்சுமியின் கை.’

செண்பகவல்லி அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து அதைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“காபி குடிக்கிறீங்களா அண்ணாச்சி?” என்றார்.

மூன்று தடவை வந்திருக்கிறார் காளிராஜன். அந்த வீட்டில் அவரை அப்படிக் கேட்டது அன்றுதான்.

*

ஞாயிற்றுக்கிழமை அச்சகத்தில் யாரும் இல்லை. வீரலட்சுமியின் கணினியில் புதிய இயங்குதளம் ஏறியது. புதிய மேசைச்சூழல், புதிய கருவித்தொகுப்பு. நூற்று முப்பத்தேழில் ஒரு ஒட்டும் அதில் இல்லை. பச்சை நிறம் போயிற்று. பொத்தான்கள் தட்டையாக, வெள்ளையாக, ஓரமில்லாமல் கிடந்தன.

காளிராஜன் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரையை அணைத்துவிட்டு, விசைப்பலகையில் கையை வைத்து, பார்க்காமலே ஒரு தாள் அடித்தார். திரையைப் போட்டுப் பார்த்தார்.

ரோகிணி ரோகிணியாக இருந்தது.

*

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீரலட்சுமி வந்தார். கணினி ஓடிக்கொண்டிருந்தது. தேதித்தாள் முழுத் திரைக்கும் விரிந்திருந்தது. பையை மாட்டினார், ஸ்டாண்டில் காகிதத்தை வைத்தார், குனிந்தார். அவ்வளவுதான்.

காளிராஜன் தன் மேசையில் எதையோ எழுதுவதுபோல உட்கார்ந்திருந்தார். என்ன எழுதினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. விசைகளின் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டாகக் கேட்ட சத்தம். நட்சத்திரத்துக்குப் பிறகு அந்தப் பின்னடி வருகிற இடத்தில் தாளம் ஒரு துளி மாறும். இப்போதுதான் அது அவர் காதுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்தார். ஒவ்வொரு முறையும் கை நிற்காமல் ஓடியது.

பத்தரை மணிக்கு ஒரு தடவை நின்றது. காளிராஜன் எழுந்தே விட்டார்.

வீரலட்சுமி தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி குனிந்தார்.

பன்னிரண்டு மணிக்கு முதலாளி தனுஷ்கோடி வந்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் சிவப்புப் பேனா. மெட்ராஸ்காரரின் எண் போனில் தயாராக இருந்தது, மறைக்கவும் இல்லை.

“எத்தனை?”

“நூத்திப் பத்து தாள், முதலாளி” என்றார் காளிராஜன்.

“வழக்கமா?”

“நூறு, நூத்தி அஞ்சு.”

“எடுத்துக் கொடு.”

அச்சாகி வந்த தாள்களை முதலாளி நின்றுகொண்டே படித்தார். சின்ன வயதிலிருந்து காலண்டரிலேயே வளர்ந்தவர். எந்தத் திதிக்குப் பின்னால் எந்தத் திதி, எந்த நாளில் எந்த நட்சத்திரம் வரும் என்பது அவருக்கு விரல்நுனி. ஒவ்வொரு தாளிலும் நட்சத்திரத்தில் பேனா ஒரு கணம் நின்றது. நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது.

அறுபத்து நான்காவது தாளில் சிவப்பு வட்டம் போட்டார்.

காளிராஜன் எட்டிப் பார்த்தார்.

“இது என்ன? நேத்தைக்கும் உத்திரம், இன்னிக்கும் உத்திரமா?”

“காகிதத்துலயே அப்படித்தான் இருக்கு முதலாளி” என்றார் வீரலட்சுமி. கை நிற்கவில்லை. தலையும் நிமிரவில்லை. “காலையிலேயே பாத்தேன். பஞ்சாங்கக்காரரைக் கேக்கணும்னு ஓரத்துல பென்சில்ல குறிச்சிருக்கேன். எழுதினதை எழுதின மாதிரி அடிக்கிறதுதான் என் வேலை.”

முதலாளி குனிந்து ஸ்டாண்டைப் பார்த்தார். பென்சில் குறி இருந்தது.

மீதித் தாள்களையும் படித்தார். பேனாவை மூடினார். போனைப் பார்த்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீரலட்சுமியின் மேசைக்கு அருகில் வந்தார்.

“புதுசு எப்படிம்மா இருக்கு?”

“எது முதலாளி?”

“நீ அடிக்கிறதும்மா. காலையில இருந்து.”

வீரலட்சுமி கையை எடுத்தார். ஸ்டாண்டிலிருந்து கண்ணை எடுத்தார். திரையைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பார்த்தார். அறையில் மற்ற பதின்மூன்று பேரின் விசைச் சத்தமும் ஓய்ந்துவிட்டிருந்தது.

பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

“வெளிச்சம் கொஞ்சம் கூடுதலா இருக்கு” என்றார். “டியூப்லைட் மாத்துனீங்களா அண்ணாச்சி?”

காளிராஜன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

“ஆமாம்மா” என்றார். “ஞாயித்துக்கிழமை மாத்தினேன்.”